உள்ளே ஆள் இருக்கும்போது

எங்கள் லைன் வீட்டில் ஒரு பெண் இரண்டு மாதம் தங்கியிருந்தாள். தலையில் தொப்பி, தொப்பிக்குப் பின்னால் ஆடும் போனிடெயில், முழங்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டை, தோளில் ஒரு பை. உயரம் என் கட்டைவிரல் நகம் அளவு. சோறு தண்ணி கேட்காமல் நாள் முழுக்க ஓடுவாள்.

அவளைக் கொண்டுவந்து விட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன். அவரை நாங்கள் பெங்களூர் அண்ணன் என்போம். கம்பெனி அவரை வெளியூருக்கு அனுப்பியபோது, செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்த கேம் மெஷின் ஒன்றை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். கையில் பிடித்து ஆடுகிற பழைய மாடல். உள்ளே ஒரே ஒரு ஆட்டம். புல்லிலும் குகையிலும் ஒளிந்திருக்கும் விநோதப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களுடைய பிராணிகளோடு மோதவிட்டு, ஊர் ஊராக ஜெயித்துக்கொண்டே போய்க் கடைசியில் சாம்பியனை வீழ்த்த வேண்டும். மெஷின் ஒரு ஆளின் ஆட்டத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். புதிதாக ஆரம்பித்தால் பழையது அழிந்துவிடும். தான் திரும்பி வந்து முதலிலிருந்து ஆடப்போவதாகவும், அதுவரை எங்கள் இஷ்டம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெரு முனை தாண்டவில்லை, எனக்கும் என் சொந்த அண்ணனுக்கும் இழுபறி ஆரம்பித்துவிட்டது. அம்மா மெஷினைப் பிடுங்கிப் பரணில் போடப் போனாள். அப்பாதான் தடுத்தார். எங்கள் வீட்டில் எந்தச் சண்டைக்கும் அப்பாவிடம் இருக்கும் மருந்து ஒன்றுதான்: ஷிஃப்ட். குழாயடியில் தண்ணீர் பிடிப்பது, டிவி ரிமோட், ஒரே சார்ஜர் எல்லாமே எங்கள் வீட்டில் ஷிஃப்ட் கணக்கில்தான் ஓடும். அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் கேஜ் வாயில் மணி அடித்தவர். ஆட்களைக் கூண்டில் ஏற்றிப் பூமிக்குள் இறக்குவதும், மேலே எடுப்பதும் அவர் அடிக்கும் மணியில்தான் நடக்கும். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகி, அவர் பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டுக்கு செக்யூரிட்டியாகப் போய்வந்துகொண்டிருந்தார். ஆனால் மணியை மனதிலிருந்து அவர் கழற்றவே இல்லை.

காசு சுண்டியதில் முதல் ஷிஃப்ட் எனக்கு விழுந்தது. அண்ணன் எரிச்சலோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போய்விட்டான். அந்த ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுவது அப்பா, துடைப்பது நான், ஓட்டுவது அவன் மட்டும். தோழியின் வண்டியில் நான் நன்றாக ஓட்டக் கற்றிருந்தேன். இருந்தும் சாவியைக் கேட்டால், எங்காவது இடித்துவிட்டு வருவேன் என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

மெஷின் முதலில் ஒரு கேள்வி கேட்டது. நீ பையனா, பெண்ணா? இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு ஒரு நொடி கையே ஓடவில்லை. நான் பார்த்த கேம்களிலெல்லாம் பெண் என்றால் எங்கோ மாட்டிக்கொண்டு, காப்பாற்ற வருகிறவனுக்காகக் காத்திருப்பாள். இங்கே அவளேதான் ஆள். அவள்தான் நடக்கிறாள், அவள்தான் பிடிக்கிறாள், அவள்தான் மோதுகிறாள். அழுத்தினேன். பெயர் கேட்டது. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எங்கள் லைனில் இருக்கிற மூன்று பாஷைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ‘அக்கா’ என்று போட்டேன்.

திரும்பி வந்த அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். “இன்னாது இது? பொம்பளையா நான் சுத்தணுமா?” உடனே அழித்துவிட்டுப் பையனாக ஆரம்பிக்க வேண்டும் என்றான். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. முதல் ஷிஃப்ட் துளைத்த பாறையில்தான் இரண்டாவது ஷிஃப்ட் வேலையைத் தொடர வேண்டும், தனக்குப் பிடித்த இடத்தில் புதிதாகத் துளைக்க ஆரம்பித்தால் சுரங்கம் என்ன ஆகும் என்று கேட்டார். அண்ணன் அக்காவாகவே ஆட உட்கார்ந்தான். கூட்டாளிகள் யாராவது வாசலில் தலைகாட்டினால் மட்டும் மெஷினைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவான்.

ஆளுக்கு ஒரு மணி நேரம். கைமாற்றும்போது நிலவரம் சொல்ல வேண்டும்: அக்கா எந்த ஊரில் நிற்கிறாள், எந்தப் பிராணிக்கு அடி, பையில் மருந்து மிச்சம் எவ்வளவு. அம்மாவுக்கும் ஒரு ஷிஃப்ட் உண்டு, குக்கர் அடுப்பில் இருக்கிற நேரம். அம்மா சண்டையே போடமாட்டாள். அக்காவைப் புல்வெளியில் நடத்திக்கொண்டுபோய்ச் சின்னச் சின்னப் பிராணிகளை விரட்டிவிட்டு, தன் பிராணிகளை வளர்ப்பாள். தேசம் முழுக்கச் சுற்றுகிற பெண்ணுக்கு ஒரு வீட்டிலாவது ஒரு வாய் சோறு போட்டார்களா என்பதுதான் அவளுடைய தீராத குறை.

எனக்கு வேறு விஷயத்தில் பொறாமை. அக்காவின் அம்மா வாசலில் நின்று ‘போய் வா’ என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது. அக்கா முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்தால் வாழ்த்தி அனுப்புகிறார்கள். குகை வாயில் நிற்கிற கிழவர் ‘துணைக்கு யாரும்மா?’ என்று கேட்கவில்லை. நான் பஜாருக்குத் தயிர் வாங்கப் போய்ப் பத்து நிமிஷம் கூடுதலானால் அம்மாவும் அண்ணனும் மாறி மாறி அழைப்பார்கள். அக்கா முதல் தடவை குகைக்குள் இறங்கியபோது பக்கத்திலிருந்து பார்த்த அப்பாவுக்கு ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் பெண்களை உள்ளே விட்டதே இல்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு, விளக்கு இருக்கிறதா என்று பையைப் பார்க்கச் சொன்னார்.

அந்தக் குகையில்தான் பெருச்சாளியைப் பிடித்தேன். அதற்கு மெஷின் வைத்த பெயர் வேறு, நாங்கள் வைத்தது இது. குட்டைக் கால், நீட்டு மூக்கு, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். முதல் தடவை மண்ணுக்குள் போய்விடும், அடுத்த தடவைதான் வெளியே வந்து முட்டும். உள்ளே இருக்கும்போது எதிரி அடித்தால் படாது. ஒரு அடிக்கு இரண்டு வாய்ப்பு வீண் என்று சொல்லி, அதைக் கழற்றிவிட அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். நான் விடவில்லை. அம்மாவுக்கும் அதன் முகத்தைப் பார்த்தால் பசியோடு இருப்பதுபோல் தெரிந்ததால், தன் ஷிஃப்டில் அதையே வளர்த்தாள். அப்பாவுக்கு மிகவும் பிடித்தது அதுதான். மண்ணுக்குள் போகிற பிராணி ஆயிற்றே.

அது மண்ணுக்குள் போகும்போதெல்லாம் அப்பாவுக்குத் தன் கதை ஞாபகம் வந்துவிடும். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியாகிவிட்டது. மணியடிக்க வேண்டிய அடுத்த ஆளும் வந்து நிற்கிறார். ஆனால் அப்பா இறக்கிய ஆட்களில் ஒருவர் இன்னும் மேலே வரவில்லை. தான் இறக்கிய ஆள் மேலே வராமல் அப்பா இடத்தை விட்டு நகரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வருவதாக அம்மா கேலி செய்வாள். கேலி செய்தாலும் கடைசி ஆள் கேஜிலிருந்து இறங்கும் இடம் வரும்வரை அடுப்படிக்குப் போகமாட்டாள்.

பெங்களூர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து மெஷினை எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் போகப்போவதாகப் போன் செய்தபோது, அக்கா சாம்பியன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரத்தில் என் அண்ணன் இரண்டு முறை உள்ளே போய் இரண்டு முறையும் தோற்று வந்திருந்தான். ஞாயிறு தவறினால் அவ்வளவுதான். அக்கா பாதி வழியிலேயே அழிந்துவிடுவாள். அதைவிட எனக்கு இன்னொரு பயம் இருந்தது. அன்று நாலிலிருந்து ஐந்து என் ஷிஃப்ட், ஐந்திலிருந்து அண்ணன். சாம்பியனுக்கு முன்னால் நாலு பேரைத் தாண்ட வேண்டும். அந்த நாலு பேரையும் நான் அடித்து முடிக்க, ஐந்து மணிக்கு அவன் வந்து உட்கார்ந்து சாம்பியனை முடிப்பான். எங்கள் வீட்டில் கோழிக்கால் யார் தட்டுக்குப் போகும் என்பது கோழிக்கே தெரியும். இதையும் அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. அக்காவைத் தேர்ந்தெடுத்தவள் நான், அவள் ஜெயிப்பதும் என் கையால்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் பெங்களூர் அண்ணன் வந்தார், கறிக்குழம்பு சாப்பிட்டார், நாலு மணிக்கு எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் நிமிரவே இல்லை. நாலு பேரும் விழுந்தார்கள். சாம்பியன் வெளியே வந்தபோது கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் நேரத்தை எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தான்.

சாம்பியனின் பிராணிகள் ஒவ்வொன்றாக விழுந்தன, என்னுடையவையும் விழுந்தன. கடைசியில் அந்தப் பக்கம் சிங்க முகமும் நெருப்பு வாலுமாக ஒன்று மிச்சம். இந்தப் பக்கம் பெருச்சாளி. அதற்கும் உயிர் நூலளவுதான் இருந்தது. இன்னொரு அடி பட்டால் கதை முடிந்தது. மருந்து தீர்ந்துவிட்டது. வேறு வழியே இல்லாமல் பெருச்சாளியை மண்ணுக்குள் அனுப்பினேன். திரையில் ஒரு குழி மட்டும் தெரிந்தது.

“அஞ்சாச்சு. குடு” என்று அண்ணன் கையை நீட்டினான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு நேரம் என்றால் நேரம்தான். “குடுத்துடும்மா” என்றார். இரண்டு மாதமாக இந்த வீட்டில் நான் கேட்ட கதையெல்லாம் என்ன ஆயிற்று என்று வந்ததே ஒரு கோபம், அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தது.

“உள்ள ஆள் கீது நைனா. நான்தான் எறக்கினேன். அது மேல வராம நான் எப்டி எடத்த விட்டுப் போறது?”

அப்பா திரையில் இருந்த குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த கதையை முதல் தடவையாக இன்னொருவர் வாயிலிருந்து கேட்கிற முகம் அது. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“கைய எட்றா. ஆள் மேல வரட்டும்.”

அண்ணன் கையை எடுத்தான். நான் அழுத்தினேன். சிங்கம் நெருப்பைக் கக்கியது, குழிக்கு மேலே காற்றில் எரிந்து அணைந்தது, படவில்லை. அம்மா என் தோளைப் பிடித்தாள். பெருச்சாளி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்து சிங்கத்தின் வயிற்றில் முட்டியது. சிங்கத்தின் உயிர்க்கோடு குறைந்தது. பாதியில் நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நிற்காமல் குறைந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆனது. சிங்கம் சாய்ந்தது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சோ என்று ஓடிவந்தார். அம்மா அழுதாள், சிரித்தாள், பெருச்சாளிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். திரையில் ஆறு பிராணிகளோடு அக்கா நின்றாள், கீழே அவள் பெயர், அதற்கும் கீழே சாம்பியன் என்று போட்டிருந்தது. அப்பா மட்டும் கத்தவில்லை. தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மேலே எடுத்தாயிற்று என்பதற்கு அவர் அடிக்கிற மணி அது. எனக்குப் பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஊரிகம் ஸ்டேஷனுக்கு நானும் வருவேன் என்றேன். அண்ணன் வண்டியை எடுத்தான். ஸ்கூட்டரில் மூன்று பேரும் போனோம், நான் கடைசியில். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பெங்களூர் அண்ணன் மெஷினை இயக்கினார். புதிதாக ஆரம்பித்தால் பழைய ஆட்டம் அழிந்துவிடும், சரியா என்று அது கேட்டது. அவருக்கு மனசு வரவில்லை. வேண்டுமானால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்.

“சும்னே வச்சு இன்னாண்ணா பண்றது? அவ வேலைய முடிச்சு மேல வந்துட்டா” என்று சொல்லி நானே பொத்தானை அழுத்தினேன். திரை வெள்ளையாகி, மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டது. பையனா, பெண்ணா? அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. முடித்ததை யாரால் அழிக்க முடியும்? ரயில் மாரிகுப்பத்திலிருந்து வந்து நின்றது. அவர் ஏறிப் போனார்.

வெளியே வந்ததும் அண்ணன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று சட்டைப் பையைத் துழாவினான். சாவியை எடுத்தான். ஒரு நிமிஷம் அதைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் நீட்டினான்.

“இந்தா. உன் ஷிஃப்டு.”

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டேஷனிலிருந்து, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டைச் சுற்றி எங்கள் லைன் வாசல் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். வழி நெடுக, யாரும் குறுக்கே வராத இடத்தில்கூட, ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.