போத்தலில் இருந்த பெயர்

நான் வைன் குடித்ததில்லை. வெள்ளி விரதமும் கந்தசட்டியும் தவறவிடாதவள். ஆனாலும் ஒஸ்லோ நகர நடுவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வைன் கிளாஸ் கழுவித்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன்.

"தங்கச்சி, முருகன் கேட்டா என்ன சொல்லப்போறாய்?" என்று குசினியில் மரக்கறி வெட்டும் யாழ்ப்பாணத்து அண்ணை சீண்டுவார். "கிளாஸ் மட்டும்தான் கழுவினனான் எண்டோ?"

"நீங்கள் குடிச்ச கிளாஸையும் கழுவினனான் எண்டு சொல்லுவன்."

அவர் சிரித்துக்கொண்டு மரக்கறிப் பக்கம் திரும்புவார்.

முதலாளி நோர்வேக்காரர். நுரைக்கிற வைனைப் பெரிய கம்பனிகளிடம் வாங்கவே மாட்டார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். கம்பனிகள் நூற்றுக்கணக்கான தோட்டக்காரரிடம் திராட்சை வாங்கி, பல ஊர், பல வருடத்து வைனை ஒன்றாகக் கலக்குமாம். அதனால் எந்த வருடம் குடித்தாலும் ஒரே ருசி. சில தோட்டக்காரர் மட்டும் பழத்தை விற்காமல் தாங்களே பிழிந்து, போத்தலில் அடைத்து, நிலவறையில் வருடக்கணக்காகக் கிடத்துவார்கள். அந்த நுரை போத்தலுக்குள்ளேயே பிறப்பது. ஒரு வருடம்போல இன்னொரு வருடம் இராது. மழை கூடினால் மழை, வெயில் கூடினால் வெயில். நட்டம் வந்தாலும் பங்குபோட ஆளில்லை. ஆனால் போத்தலில் அவர்களுடைய பெயர் இருக்கும்.

அப்படி ஒருவர் ஒவ்வொரு வசந்தகாலமும் பிரான்சிலிருந்து தன் போத்தல்களோடு வருவார். வெடித்த கைகள். நான் குடிப்பதில்லை என்று தெரிந்தபிறகு, கிளாஸை என் காதருகே பிடித்து நுரையைக் கேட்கச் செய்வார். ஓலைக் கூரையில் தூறல் விழுவதுபோலச் சின்னச் சத்தம். கேட்டுவிட்டுத் தலையாட்டுவேன். நல்லாச் சந்தோசப்படுவார்.

ஒரு வருடம் அவருக்குப் பதிலாக மனைவி வந்தா. கறுப்புச் சட்டை. திராட்சைக்கொடி வெட்டப் போன இடத்தில் விழுந்து, அங்கேயே முடிந்துவிட்டாராம். எங்கள் வீடென்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடிந்திருக்காது. அதற்குள் அந்த மனுசி பெட்டி தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைகிறா.

பிள்ளைகள் இல்லை. கடைகள் வைனை வாங்கினால் தோட்டத்தைத் தானே நடத்துவாவாம். இல்லாவிட்டால் பழத்தைக் கம்பனிக்குக் கொடுக்க வேண்டியதுதான். அதோடு அவருடைய பெயரும் போய்விடும். இதை முதலாளிதான் எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டுப் போத்தலைத் திறந்தார்.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய மழை வருடத்து வைன். முதலாளி ஒரு வாய் குடித்தார். திரும்பவும் குடித்தார். அவர் முகத்திலேயே புளிப்புத் தெரிந்தது. பழைய வருடத்து வைன் கொஞ்சம் கலந்திருக்கலாமே என்று கேட்டார். அந்த வருடத்தை ஒளிக்கக் கூடாது என்று தன் மனுசன்தான் மறுத்துவிட்டார் என்றா மனைவி. முதலாளி கிளாஸைக் கீழே வைத்தார்.

"இந்த முறை முடியாது. அடுத்த வருடம் பார்ப்போம்."

அந்த மனுசி பெட்டியை மூடினா. அண்ணை ஒரு கோப்பை சூப்பைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார். இரண்டு கரண்டி குடித்துவிட்டு எழும்பி, வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தா. "அடுத்த வருடம்?" என்று உடைந்த இங்கிலீசில் கேட்டா.

செத்தவீட்டுக்காரரிடம் போய்வாருங்கள் என்றோ திரும்ப வாருங்கள் என்றோ நாங்கள் சொல்வதில்லை. அந்தச் சொல் சாவைத் திரும்பவும் அழைக்கும் என்று நம்புகிறவர்கள். அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பினார். நான் கையைக் கட்டித் தலை குனிந்தேன். எங்கள் மரியாதை அதுதான். அந்த மனுசி கொஞ்சநேரம் காத்து நின்றுவிட்டு, வெளியே கறுத்துக் கிடந்த பனிச்சேற்றில் பெட்டியை இழுத்துக்கொண்டு போனா.

"ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை?" என்று முதலாளி எங்களைக் கோபித்தார்.

"நீர் திறந்ததே போதும்," என்றார் அண்ணை தமிழில்.

என்ன சொல்கிறார் என்று முதலாளி என்னைக் கேட்டார். நான் எங்கள் வழக்கத்தை மட்டும் விளக்கினேன்.

"அது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் அந்த மனுசி மிச்சம் வைத்த சூப்புக் கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

அடுத்த வசந்தத்தில் ஒருவரும் வரவில்லை. முதலாளி போன் எடுத்துக் கேட்டார். பழம் முழுவதும் கம்பனிக்குப் போய்விட்டதாம். எத்தனையோ ஊர்ப் பழத்தோடு அதுவும் கலந்திருக்கும். எங்கள் கடை நிலவறையில் மிஞ்சியிருந்த அவருடைய கடைசிப் போத்தலை யாரோ ஒரு பிறந்தநாளுக்கு வாங்கினார்கள். வெறும்போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய், மூத்த மகளிடம் அதிலிருந்த பெயரை வாசிக்கச் சொல்லிப் பாடமாக்கினேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில், செத்தவருக்காகச் செய்யும் மோட்ச அர்ச்சனைக்குக் காசு கொடுத்தேன்.

"ஆருடைய பேருக்கம்மா?" என்று கேட்டார் ஐயர்.

சொன்னேன்.

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா."

"உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையுமில்லை. தோட்டக்காரர்."

ஐயர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, தீபத்தை எடுத்தார்.