முலுவொர்க் வீட்டு முறை

ஜிம்மா நகரில் எங்கள் தெருப் பெண்கள் தினம் ஒரு வீட்டில் கூடிக் காப்பி குடிப்போம். அன்று முலுவொர்க்கின் முறை. கை முறிந்து கட்டுப் போட்டிருந்தாள். அவளைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றாள் எங்களில் மூத்தவளான அபெராஷ். அது அந்த வீட்டையே ஒதுக்குவதுபோல. முலுவொர்க்கின் கணவன், லாரி ஓட்டும் தெஷாலேவுக்கு ஆத்திரம் வந்தது.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"நீ வறுத்தா டயர் வாசனைதான் வரும் தம்பி!" என்றாள் அபெராஷ்.

அவன் பச்சைக் காப்பிக்கொட்டையைக் கழுவிக் கரியடுப்பில் வறுத்தான். விட்டுவிட்டுக் கிண்டியதில் பாதி கருகியது, பாதி வெளுத்தே கிடந்தது. போகட்டும். வறுத்த புகையை வந்தவர்கள் முகர நீட்டுவதுதான் மரியாதை; அவனோ புகையும் சட்டியை எங்களிடம் காட்டாமலே உரலில் கொட்டிவிட்டான்.

அபெராஷ் எழுந்துவிட்டாள். "புகை காட்டாத வீட்டுல எனக்கென்ன வேலை?"

முலுவொர்க் தலை குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உக்காரு அக்கா! நீ மொதல்ல வறுத்தப்ப தெருவே இருமலையா?"

தெஷாலே இன்னொரு பிடி கழுவினான். இம்முறை கரண்டி நிற்கவேயில்லை. கொட்டை பளபளத்ததும் சட்டியை அபெராஷின் மூக்கருகே நீட்டினான்.

"மோந்து பாருங்க. டயர் எங்க?"

முகத்தைச் சுளித்தபடியே அவள் புகையைக் கையால் தன் பக்கம் அள்ளிக்கொண்டாள். கடைசிச் சுற்றான மூன்றாவது கோப்பை முடியும்வரை எழுந்திருக்கவேயில்லை.