கன்னிமூலையில் ஓர் இலவச வீடு

வீடு கட்டும் தொழிலில் சிமெண்டும் செங்கல்லும் சொன்ன பேச்சுக் கேட்கும். குடிவர நினைப்பவர்கள்தான் கேட்க மாட்டார்கள். எழுபதுகளில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஆலைகள் வரத் தொடங்கியபோது நான் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். முதலாளிக்கும் சட்டத்துக்கும் நடுவில் நின்று நசுங்கிய அன்பர்களே, உங்களுக்குத்தான் இது.

கண்ணில் படாத மூலை

பத்து வீட்டுக் காலனிக்கு அனுமதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: அதில் ஒரு வீட்டை, வீடில்லாத கூலிக்காரர் ஒருவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். எங்கள் சித்தாள் மாராத்தாவின் பெயரை எழுதினோம். அவளுடைய ஓலைக் குடிசை நின்ற இடத்தில்தான் முதல் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தோம். இது கிடைக்காவிட்டால் அவளும் இரண்டு பிள்ளைகளும் மரத்தடிதான்.

"காசு குடுத்து வாங்கறவன் கண்ணுல படாத மூலையாப் பாத்துத் தள்ளு. ரூமையும் எட்டடியாக் கொற" என்றார் காண்ட்ராக்டர். தென்மேற்கு மூலைக்குத் தள்ளினேன். அந்த வீட்டை மறைக்க ஆளுயரத்துக்கு ஒரு சுவரும் எழுப்பச் சொன்னார். அதற்கும் கல் சுமந்தவள் மாராத்தாதான். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "ஏனுங்க, இந்தச் செவுரு எனக்குக் காவலுங்களா, அவியளுக்குங்களா?"

சாஸ்திரம் பேசியது

சுவர்கள் எழும்பியதும், வாங்க வந்தவர்கள் மனை பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் முன்வரிசை வீடுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. மறைப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய் மூலை வீட்டை அளந்தார். தென்மேற்கு என்றால் கன்னிமூலையாம், எஜமானன் இருக்கிற இடமாம். எட்டடி அறை ராஜயோகமாம். கஞ்சத்தனமாகக் கட்டியதெல்லாம் சாஸ்திரப்படி அரண்மனையாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்காமல் மணல் குவியலுக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

மனை பார்க்கிறவர் காண்ட்ராக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்: "இருக்கறதுலயே நல்ல ஊட்ட ஏழைக்குக் குடுக்கறீங்களே, உங்கள மாதிரி தர்மவான நான் பாத்ததே இல்லீங்க!"

திடீர் ஏழைகள்

மறுநாளிலிருந்து பாலக்காட்டில் வறுமை தாண்டவமாடியது. முன்வரிசை வீட்டுக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லாம் மூலை வீட்டுக்கு மனுவோடு வந்தார்கள். கல்பாத்தியிலிருந்து வந்த ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர் வெறுங்காலும் கிழிந்த துண்டுமாக என் முன்னால் நின்றார். மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய தடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஏற்கெனவே ஒருத்திக்கு எழுதியாகிவிட்டது என்று நான் இழுத்தேன். அவர் விடவில்லை: "நேக்கு வீடும் கெடையாது, வாசலும் கெடையாதாக்கும். சீக்கிரம் எழுதிக்கோளும் ஓய், வெளியிலே டாக்ஸி நிக்கறது!"

பால் பொங்கியது

கடைசியில் காண்ட்ராக்டரே அந்த வீட்டைத் தன் மச்சினருக்கு என்று முடிவு செய்துவிட்டார். மாராத்தாவின் பெயரை அடித்துவிட்டு மச்சினர் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நல்ல நாள் பார்த்து மச்சினர் பசுவும் கன்றும் புதுப்பானையுமாகப் பால் காய்ச்ச வந்தார். உள்ளே போனால், சமையலறையில் கரிபிடித்த மூன்று கல். ஆறு மாதமாக மாராத்தா எங்கள் எல்லோருக்கும் டீ போட்டது அங்கேதான். மனை பார்க்கிறவர் அவளைக் கூப்பிட்டு, "இங்க பாலு பொங்கியிருக்குதா?" என்று கேட்டார். "தெனமும் பொங்குமுங்க. கெழக்கால பாத்துத்தானுங்க" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! முதல் பாலைப் பொங்கவிட்டவள்தான் வீட்டுக்காரி, வேறு யார் குடிவந்தாலும் விளங்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இனி அந்த வீட்டை யாரும் சீந்த மாட்டார்கள். காண்ட்ராக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மாராத்தாவின் பெயரைத் தன் கையாலேயே திரும்ப எழுதினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மச்சினர் பசுவை இழுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரி வாசலில் நின்று கூப்பிட்டாள்: "மாட்ட மட்டும் உட்டுப்போட்டுப் போங்க சாமி, நாளைக்கும் டீ போடோணுமுங்க!"

அவளுக்கு வீடு வாங்கிக் கொடுத்தது சட்டமா சாஸ்திரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அதற்கப்புறம் எங்கள் காண்ட்ராக்டர் எந்த சைட்டிலும் எங்களுக்குப் பால் விடாத கட்டங்காப்பி தவிர வேறெதுவும் போட விட்டதில்லை.