ஜெனிதா கழற்றிக் காட்டிய ரேம்

கேமும் ஆட வேண்டும், கல்வராயன் மலையில் எடுத்த வீடியோக்களையும் எடிட் செய்ய வேண்டும். அதற்காகப் பாகங்களை நானே பார்த்து வாங்கி, ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க ஆசைப்பட்டேன். கள்ளக்குறிச்சிக் கடையில், "கிராபிக்ஸ் கார்டு பெருசா குடுங்க, ரேம் கம்மியா போதும்" என்றேன்.

பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் வாங்க நின்ற பெண் தயங்கியபடி கேட்டாள். "அக்கா, கேம் மட்டுந்தானா?"

"எடிட்டிங்கும் இருக்கு."

"அப்போ ரேம் கம்மியா இருந்தா எடிட் பண்றப்போ வீடியோ திக்கும்க்கா."

"எவ்ளோ திக்கும்?" எனக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது.

"எங்க வூடு பின்தெருவுலதான். வந்து பாருங்களேன்."

அவள் பெயர் ஜெனிதா. கல்யாண வீடியோக்கள் எடிட் செய்கிறவள். என் போனிலிருந்த அருவி வீடியோவைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, எடிட்டிங் சாப்ட்வேரில் ஓட்டினாள். தடங்கலே இல்லை. உடனே கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைத் திறந்து, இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றினாள்.

பதறிவிட்டேன். "இன்னாம்மா பண்றே? வேலை இருக்காதா?"

"சாயந்தரம் ஒரு வீடியோ குடுக்கணும். திரும்ப மாட்டிக்கலாம்க்கா, நீங்க பாருங்க."

மறுபடி ஓட்டியதும் அருவி பாதியில் நின்று நின்று விழுந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

கார்டைச் சிறிதாக்கி, ரேமைக் கூட்டி வாங்கினேன். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மனசில் நிற்பது அதுவல்ல: முன்பின் தெரியாத ஒருத்தியின் சந்தேகத்துக்காகத் தன் பிழைப்பு ஓடும் பெட்டியையே அவள் திறந்தாள். நானாக இருந்தால் வாயால் சொல்லி அனுப்பியிருப்பேன்.