உட்காராத கிருபானந்தம்

செய்தி வந்தபோது புதன்கிழமை மாலை நாலே கால். கிருபானந்தம் சார் மூன்றாவது டீக்கு எழுந்து போகும் நேரம். எழுந்து என்பதுகூடத் தப்பு. ஆம்பூரில் எங்கள் அலுவலகத்தில் அவருடைய நாற்காலியில் எப்போதும் அவருடைய பைதான் உட்கார்ந்திருக்கும். கணினியை இரண்டு அட்டைப்பெட்டிகளின் மேல் ஏற்றிவைத்து, நின்றபடியே இரண்டு வரி தட்டுவார், ஜன்னல்வரை நடப்பார், திரும்பி வந்து ஒரு வரியை அழிப்பார். "உக்காந்தா மூளையும் உக்காந்துரும்மா" என்பார். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் கடைசி வரிசை. பிரசங்கம் நீண்டால் வெளியே போய் வண்டிகளைச் சுற்றி நடப்பாராம். பேருந்திலும் படிக்கட்டருகே நின்றுதான் வருவார். அன்று மதியம் பேரணாம்பட்டு வீட்டுக்குக் கிளம்பியவருக்கு அந்தப் படிக்கட்டிலேயே மார்வலி வந்து உயிர் போய்விட்டது. நாற்பத்து மூன்று வயது.

காலணித் தொழிற்சாலைகளில் தோல் வெட்டும் இயந்திரங்களை ஓட்டுகிற கணினிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும் இயங்குதளத்திடம் நினைவகத்தில் இடம் கேட்கும். வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். ஏதோ ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டால் இடம் நிரம்பி எல்லாம் நின்றுவிடும். பிடித்தது எது என்று பின்தொடர்ந்து காட்டும் கருவிக்கு டிரேஸர் என்று பெயர். அதை மேலும் மேலும் செம்மைப்படுத்துவதுதான் சாரின் பித்து.

கடைசியாக அவர் அலைந்தது தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் அமிர்தவள்ளிக்காக. அமிர்தவள்ளி ஓட்டும் வெட்டு இயந்திரம் மூன்று நாளுக்கு ஒருமுறை பாதித் தோலில் நின்றது. அவருக்குக் கையாளத் தெரியவில்லை என்று மேலாளர் எழுதிவிட்டார். மாத முடிவோடு வேலையிலிருந்து நிறுத்துவதாகப் பேச்சு.

"நான் இன்னா சார் பண்ணேன்? பட்டன் அமுக்குறேன், அவ்ளோதான்."

"நீ ஒண்ணும் பண்லம்மா. உள்ள எவனோ புடிச்சி வெச்சிக்கினு இருக்கான்."

"அவனைக் காட்டுங்க சார், நான் கேட்டுக்கிறேன்."

பழைய டிரேஸர், இடம் பல கை மாறினால் கடைசிக் கையை மட்டும் காட்டும். சாருக்கு வழி கிடைத்தது ஊரில் தோல் பதனிடும் ஷெட்டில். "தோல்ல மையால நம்பர் போட்டா சுண்ணாம்புத் தொட்டில போயிரும். அதான் ஓரத்துல துளை குத்திருவாங்க. எத்தினி தொட்டி மாறினாலும் எந்த லாட்டுன்னு தெரியும்" என்று எனக்கு விளக்கினார். முதலில் கேட்டு வாங்கியவனின் அடையாளம் கடைசிவரை அழியாதபடி டிரேஸரை மாற்றி எழுதினார், இயந்திரத்தில் ஏற்றினார்.

அது தினமும் நிற்கத் தொடங்கியது.

"மூணு நாளுக்கு ஒருதரம் நின்னுனு இருந்துச்சு. நீங்க வைத்தியம் பண்ணதுல டெய்லி நிக்குது. ரொம்ப பேஜாரா கீது சார்" என்றார் அமிர்தவள்ளி.

ஒன்பது நாள் நடந்தார். பேனா மூடிகளைக் கடித்துத் தீர்த்தார். பத்தாம் நாள் ஜன்னலருகே அப்படியே நின்றுவிட்டார். "சங்கீதா, ஆள் நான்தாம்மா" என்றார் என்னிடம்.

டிரேஸர் தன்னைத்தானே பின்தொடர்ந்தால், குறித்ததைக் குறித்து, அதையும் குறித்து முடிவில்லாமல் சுற்றும். அதனால் அதை எழுதுகிறவர்கள் முதல் வேலையாக அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுவார்கள். அவரும் கொடுத்திருந்தார். யாரும் பார்க்காத அந்த மூலையில் அவர் குத்திய அடையாளத் துளைகளே குவிந்து இடத்தை அடைத்திருந்தன. சார் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

டிரேஸர் தனக்கென்று எடுப்பதற்கும் ஒரு வரம்பு வைத்து, அதையும் எண்ணச் செய்தார். அடுத்த நாளே உண்மையான ஆள் அகப்பட்டான்: தோலைப் படமெடுக்கும் கேமராவின் நிரல், எடுத்த படம் ஒன்றைக்கூட விடவில்லை. திங்கட்கிழமை காலை அதைச் சரிசெய்தார். மூன்று முழு நாள் நிற்காமல் ஓடினால்தான் மேலாளர் நம்புவார்.

"வியாழக்கிழமை நானே வந்து டிரேஸரை நிறுத்துறேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க" என்று அமிர்தவள்ளியிடம் சொன்னார்.

வியாழக்கிழமை அடக்கம். அமிர்தவள்ளி அரைநாள் விடுப்பில் வந்திருந்தார். பெட்டியின் அருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "மூணு நாளாச்சு, மிஷின் நிக்கல மேடம்."

வெள்ளிக்கிழமை டிரேஸரின் பதிவை மேலாளரிடம் காட்டினேன். எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு டிரேஸரை நிறுத்த இயந்திரத்தருகே போனேன். ஒரு வரி தட்டினால் போதும்.

"சாரே வந்து நிறுத்துறேன்னாரே மேடம்" என்றார் அமிர்தவள்ளி.

இன்றோடு மூன்று வாரம். டிரேஸர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.