ஸ்டெல்லாக்கா தேர்ந்தெடுத்த ரிவால்வர்

லான்மடாவில் என் பூட்டுக்கடையைத் திறந்துகொண்டிருந்தபோது கியாக்தானிலிருந்து ஸ்டெல்லாக்காவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா காலைல போய்ட்டாங்க, கோ காசிம். நாளைக்கு அடக்கம். கிளப்புக்கும் ஒரு வார்த்த சொல்லிருங்க." சொன்னேன், மனமில்லாமல்தான். ஏன் மனமில்லை என்பது அக்காவை அறிந்த உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பசுந்தாங்கில் மூன்றாம் மாடி வீடு, கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் தட்டச்சு வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை. பர்மிய மரியாதையோடு டோ ஸ்டெல்லா என்று கூப்பிட்ட பலருக்கும் அவர் இவ்வளவுதான். பூசை முடிந்ததும் நகருக்கு வெளியே இருந்த துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அவர் பஸ் ஏறுவார். நின்ற இடத்திலிருந்து வட்டத்தைக் குறிபார்க்கும் போட்டியல்ல அவருடையது. தடுப்புகளுக்கு நடுவே ஓடி, நின்று, குனிந்து, அட்டைகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். குறியும் பார்ப்பார்கள், நேரமும் பார்ப்பார்கள்; அதற்காக ஒருவர் நேரக்கருவியோடு பின்னாலேயே ஓடுவார். துப்பாக்கிகள் கிளப்பின் ஆயுத அறையில் பூட்டியிருக்கும். நானும் உறுப்பினன். சுமாராகச் சுடுவேன் என்பதால் மதிப்பெண் போடும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

கிளப்பின் செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. 'சயா', அதாவது ஐயா, என்று பணிவோடு கூப்பிடுவோம். அந்தப் பணிவு எனக்கு இப்போது இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பாங்காக் போட்டி ஒன்றுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அக்கா முதலாவதாக வந்தார். செயலாளரின் தங்கை மகன் இரண்டாவது. முடிவை வாசிக்க எழுந்த செயலாளர், ஓடும்போது அந்த அம்மாவின் விரல் விசையில் இருந்தது என்றார். எங்கள் விளையாட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பக்கத்தில் நிற்பவர் உயிர் போய்விடும். நான் அருகிலேயே இருந்தேன். விரல் வெளியே நேராக நீண்டிருந்தது. எழுந்து சொன்னேன். உட்கார் என்றார். அக்காவுக்கு ஒரு வருடத் தடை. தங்கை மகன் பாங்காக் போனான்.

அக்காவின் முகம் அன்று வெளிறிப்போயிருந்தது. தோற்றிருந்தால் அப்படி ஆகியிருக்காது. ஆபத்தான கை என்று ஊர் முழுக்கப் பேர் வந்துவிட்டது. விஷயம் கோவில்வரை போய், மன்னித்துவிடும்படி பாதிரியார் சொல்லியிருக்கிறார். "அவர் வந்து கேக்கட்டும் ஃபாதர், அப்புறம் யோசிக்கிறேன்" என்றாராம் அக்கா.

தடை முடிந்து திரும்பி வந்தபோது பிஸ்டல்கள் எல்லாம் மற்றவர்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது என்றார்கள். கீழ்த்தட்டில் யாரும் தொடாத ரிவால்வர்கள் மூன்று கிடந்தன. ஆறு குண்டு சுட்டதும் நிரப்ப வேண்டும். பிஸ்டல்காரன் அதற்குள் பாதித் தூரம் போய்விடுவான். அக்கா முகம் சுளிக்கவில்லை. மூன்றையும் மேசையில் வைக்கச் சொன்னார்.

நீண்ட குழல் கொண்டதை முதலில் எடுத்தார். பார்க்க அழகானது. ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குத் திருப்பிப் பார்த்தார். "மூக்கு கனம், தம்பி. திருப்புனா நிக்க மாட்டேங்குது." கட்டைக் குழலில் ஆறு சுட்டுவிட்டு, காலிக் கூடுகளை வெளியே தள்ளினார். இரண்டு பாதியிலேயே நின்றன. "இதப் புடுங்கிக்கிட்டு நின்னா அவன் சுட்டு முடிச்சு வீட்டுக்குப் போயிருவான்." அவன் யாரென்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது நடுத்தரக் குழல், நிறம் மங்கியது. காலியாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விசையை இழுத்து இழுத்துப் பார்த்தார். எங்கும் தட்டாமல் ஒரே சீராக வந்தது. உருளையை விரலால் அசைத்தார், ஆடவில்லை. "இதுதான். கைப்பிடிதான் தடி. என் கைக்கு அடங்கல."

செதுக்க அனுமதி கேட்டபோது செயலாளர் சிரித்தார். அந்தக் கிழட்டு இரும்பை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார். மரப்பிடியை மட்டும் கழற்றி என் கடைக்குக் கொண்டுவந்தோம். அக்கா பிடித்துப் பிடித்துச் சொல்ல, நான் அரம் போட்டுத் தேய்த்தேன். பிறகு எல்லா ஞாயிறும் பயிற்சி. உருளையைத் திறந்து, கொட்டி, ஆறு குண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம் ஒன்றால் ஒரே அழுத்தில் நிரப்பி மூடுவார், அதுவும் ஓடிக்கொண்டே. "கோவம் நெஞ்சுல இருக்கட்டும் தம்பி, விரலுக்கு வரக் கூடாது" என்பார்.

வருடப் போட்டிக்கு விருந்தினர்கள் நிறைய வந்திருந்தார்கள். அக்காவின் முறை வந்தது. அவர் கோட்டில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பர்மியத்தில் சொன்னார்: "சயா, நேரக்கருவியோடு நீங்களே என் பின்னால் வாருங்கள். என் விரலைப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்தான்." அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை.

ஒரு கை தூரத்தில் அவர் தொடர்ந்து ஓடினார். ஒவ்வொரு தடுப்பைத் தாண்டும்போதும் அக்காவின் விரல் வெளியே, நேராக, அவர் கண்ணுக்கு எதிரே இருந்தது. மற்றவர்கள் நின்று நிரப்பும் இடங்களில் அக்கா ஓட்டத்திலேயே நிரப்பினார். ஒரு தகடுகூட மிஞ்சவில்லை. அடுத்து வந்த தங்கை மகன் பதறி, இரண்டு தகடுகளை விட்டுவிட்டான்.

அக்காவின் நேரத்தைச் செயலாளர் முனகலாக வாசித்தார்.

"கொஞ்சம் சத்தமாக, சயா. பின்னால் கேட்கவில்லை."

மறுபடி வாசித்தார்.

"விரல்?"

"சரியாக இருந்தது."

"போன தேர்வில்?"

அக்கா நகரவில்லை. வெயிலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நேரக்கருவியை என் கையில் திணித்துவிட்டு செயலாளர் தன் அறைக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் ரிவால்வர்கள் பழுது என்று பூட்டப்பட்டன. அதன்பின் அக்கா கையில் துப்பாக்கி தரப்படவே இல்லை. வருத்தமா என்று கேட்டேன். "அந்த மொகத்தப் பாத்துட்டேன்ல" என்றார்.

அடக்கத்துக்குச் செயலாளர் வந்தார். மலர்வளையம், கைத்தடி, வெள்ளைச் சட்டை. தான் வளர்த்த வீராங்கனையைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். அக்காவின் தம்பி தயங்கினார். நான் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். "பேசுங்கள், சயா. அன்று விரல் எங்கே இருந்தது என்று தொடங்குங்கள்." அவர் வளையத்தைத் தரையில் வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பினார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோபம். அது கெடாமல் இருக்கிறது. அந்த மனிதருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உங்களில் யாராவது அவரைப் பார்த்தால், இதைப் பர்மியத்தில் படித்துக் காட்டுங்கள்.