அடுத்த ஊர் வலையைக் காத்தவன்

ஓரெஸ்ட் பிலிக்குக் கடைசிவரை ஸ்கேட்டிங் சரியாக வரவில்லை. குளிர்காலம் முழுக்கப் பனி உறைந்து கிடக்கும் சாஸ்கச்சுவானில், டார்பி மாதிரி ஓர் ஊரில் பிறந்துவிட்டு அப்படி இருப்பது பெரிய வெட்கக்கேடு. கணுக்கால் இரண்டும் உள்பக்கமாக மடியும். திரும்பச் சொன்னால் பலகைச் சுவரில் மோதித்தான் நிற்பான். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியில் சேர அவன் வந்த அன்று, பயிற்சியாளர் கார்டன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இவன் ஓடுறதுக்கு ஆக மாட்டான். நிக்கவாவது நிக்கட்டும், வலைக்கு முன்னால போடுங்கடா" என்றார்.

அப்படித்தான் ஓரெஸ்ட் கோல்கீப்பர் ஆனான். நான் அவனுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவன். எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. வாரம் முழுக்க நான் லாரிப் பட்டறையில், அவன் வெண்ணெய் ஆலையில். ஞாயிறு வந்தால் இருவரும் ஒரே காரில் பக்கத்து ஊர் அரங்கத்துக்குப் போவோம்.

முதல் ஆட்டமே கிர்வின் ஊரில். நாங்கள் வாங்கிய கோல்களை எண்ணிக்கொண்டிருந்தவரே பாதியில் விட்டுவிட்டார். ஓரெஸ்ட் எங்கே வேலை செய்கிறான் என்று யாரோ மோப்பம் பிடித்திருக்கிறார்கள். அரங்கம் மொத்தமும் ஒரே குரலில், "டேய் வெண்ணெய்! ஏய் வெண்ணெய்!" என்று கத்தியது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், கிர்வினில் அவன் பனியில் கால் வைத்தால் போதும், அந்தக் கத்தல் ஆரம்பித்துவிடும். பதிலுக்கு ஓரெஸ்ட் ஒரு வார்த்தை பேசமாட்டான். திரும்பி வரும்போது காரில் மட்டும், "வேற பேரே கிடைக்கலியாடா அவனுங்களுக்கு?" என்று கேட்பான்.

அவனைத் தேற்றியது ஸ்டெஃபாதான். ரோஸ்பெக் ஊர்க்காரி. அவளுடைய அண்ணன் வால்ட்டர் அந்த ஊர் அணியின் தலைவன், அந்த வட்டாரத்திலேயே வேகமான கை அவனுடையதுதான். தங்கைக்கும் அவன்தான் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தான். பெண்களுக்கு அப்போது அணி கிடையாது. அதனால் அவள் குளத்துப் பனியில் தனியாக அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு தேவாலய விருந்தில் ஓரெஸ்டைப் பார்த்தவள், "நீதானே எல்லாத்தையும் உள்ள விடுற ஆளு? நாளைக்கு குளத்துக்கு வா. நான் அடிக்கிறேன், நீ பிடி" என்றாளாம்.

போனான். அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனான். ரப்பர் வட்டு பட்டுத் தொடையெல்லாம் கன்றிப்போய் நொண்டிக்கொண்டே ஆலைக்குப் போவான், முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. பனி உருகும் சமயம் கல்யாணம் நிச்சயமானது. அதற்கடுத்த வருடம் எங்களுக்கு ஒரு நல்ல கோல்கீப்பர் இருந்தான். ஓட வராதவன் வேறு வழியில்லாமல் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தான். எதிராளியின் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தோளைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

இருந்தாலும் டார்பி ஒரு முறைகூட இறுதி ஆட்டத்துக்குப் போனதில்லை. அவர்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடம் கழித்து வந்த ஒரு மார்ச் மாதமும் அப்படித்தான். இறுதி ஆட்டம் கிர்வினுக்கும் ரோஸ்பெக்குக்கும். நாங்கள் மூவரும் வேடிக்கை பார்க்க கிர்வின் போயிருந்தோம். ஸ்டெஃபா நிறைமாதம். ரோஸ்பெக் ஆட்கள் பக்கமாக, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அண்ணன் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தின் நடுவில் கிர்வின் கோல்கீப்பரின் மணிக்கட்டு உடைந்தது. அப்போதெல்லாம் ஓர் அணிக்கு ஒரு கோல்கீப்பர்தான். எதிரணித் தலைவன் சம்மதித்தால் கூட்டத்திலிருந்து யாரையாவது இறக்கலாம். கிர்வின் பயிற்சியாளர் மெக்கீ படியேறி வந்து எங்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"பிலிக் தம்பி, எங்க ஆளுங்க உன்னை என்னென்னவோ பேசியிருக்காங்க. மனசுல வெச்சுக்காத. எங்களுக்கு இப்ப வேற ஆளு இல்லப்பா."

ஓரெஸ்ட் கீழே பனியில் நின்ற வால்ட்டரைப் பார்த்தான். வால்ட்டர் மட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"இறங்கு மாப்ள! உன்னைத் தாண்டி கோல் போட எனக்கு கசக்குமா என்ன?"

ஓரெஸ்ட் அப்போதும் எழுந்திருக்கவில்லை. மனைவியைப் பார்த்தான். "போகவா? உங்க அண்ணனாச்சே."

"போறதுன்னா ஒழுங்கா ஆடு" என்றாள் ஸ்டெஃபா. "அண்ணனாச்சேன்னு விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சுது, வீட்டுப் பக்கமே வராத."

உடைந்த கையோடு போனவனின் கால் கவசங்களையே மாட்டிக்கொண்டான். குதிரைமுடி அடைத்த தோல் அது. இன்னொருவன் வியர்வையில் ஊறிக் கனத்திருந்தது. சட்டை வயிற்றுக்கு மேலே நின்றது. அவன் வலைக்கு முன்னால் போய் நின்றபோது அந்த அரங்கம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் கத்துகிறவர்கள் என்ன கத்துவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் முதல் வட்டைத் தடுத்ததும் ஒரு கிழவர் எழுந்து, "அப்படித்தான்டா வெண்ணெய்!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓரெஸ்டும் சிரித்தான்.

ஆட்டம் முடிகிற நேரம் கிர்வின் ஒரு கோல் முன்னால். அப்போதுதான் வால்ட்டர் தனியாகப் பிய்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கும் வலைக்கும் நடுவே அவன் மாப்பிள்ளையைத் தவிர யாரும் இல்லை. எனக்குப் பக்கத்தில் ஸ்டெஃபா எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். வால்ட்டர் இடப்பக்கம் போக்குக் காட்டினான். அடுத்த நொடி வலது தோளைச் சற்றே தாழ்த்தினான். ஓரெஸ்ட் இடப்பக்கம் சாயவில்லை. அப்படியே எழும்பி வலைக்குக் குறுக்கே பாய்ந்தான். வட்டு அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு மேலே தெறித்தது. முகமூடி எல்லாம் அப்போது ஏது?

மணி அடித்தது. கோப்பை கிர்வினுக்கு.

பனியில் மண்டியிட்டு, தன் கையுறையால் ஓரெஸ்டின் கன்னத்து ரத்தத்தை முதலில் அழுத்திப் பிடித்தவன் வால்ட்டர்தான். ரத்தம் நின்றதும் எழுந்து தன் ஆட்களோடு போய்விட்டான். ரோஸ்பெக் அதுவரை கோப்பையைத் தொட்டதே இல்லை. மெக்கீ கோப்பையைக் கொண்டுவந்து நீட்டியபோது, "வேண்டாங்க, அது உங்க ஊரு சாமான்" என்று ஓரெஸ்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.  வழியெல்லாம் காரில் ஸ்டெஃபா அவனுடைய தையல் போட்ட கன்னத்தின் மேல் குளிர்ந்த கையை வைத்தபடியே வந்தாள்.

அதற்கப்புறம் ஓரெஸ்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மச்சான் இனிமே நம்ம வீட்டுக்கு வருவாரா லாயிட்?" என்று என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறான். பெண் குழந்தை பிறந்தது, லெசியா என்று பெயர் வைத்தார்கள். வால்ட்டர் தொட்டில் மட்டும் அனுப்பினான், வரவில்லை.

ஈஸ்டர் அன்று வந்தான். நானும் அங்கே இருந்தேன். வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு விஷயம் சொல்லு மாப்ள. மேல அடிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்? ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்குது."

ஓரெஸ்ட் பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பிலிருந்து திரும்பாமல் ஸ்டெஃபாதான் சொன்னாள்: "மேல அடிக்கறதுக்கு முன்னாடி உன் வலது தோள் இறங்கும் அண்ணா. எனக்கும் இறங்கும். உங்கிட்டதானே கத்துக்கிட்டேன்."

 வால்ட்டர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா இதைச் சொல்லாம இருந்திருக்கியே, பாவி" என்றான். குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டான்.

அடுத்த பருவத்தில் ரோஸ்பெக் எங்கள் ஊருக்கு ஆட வந்தது. வால்ட்டரின் தோள் துளிகூட அசையவில்லை. வரிசையாக மூன்று கோல். மூன்றாவது உள்ளே போனதும் ஓரெஸ்ட் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எல்லாம் உன்னாலதான்டி!" என்று கத்தினான். ஸ்டெஃபா குழந்தையின் கையைத் தூக்கி அவனுக்கு ஆட்டிக் காட்டினாள். அந்த வருடம் ரோஸ்பெக் கோப்பையை வாங்கியது.

ஓரெஸ்ட் அதற்குப் பிறகும் நெடுநாள் ஆடினான். முன்பல் இரண்டு போனது, மூக்கு ஒரு பக்கமாகக் கோணியது. முகமூடி என்று ஒன்று வந்ததும் ஸ்டெஃபா அதை வரவழைத்து, போட்டால்தான் ஆச்சு என்றாள். எங்களுக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு பிப்ரவரி ஞாயிறு, பிற்பகல் ஆட்டத்தில், மெதுவாக உருண்டு வந்த ஒரு வட்டு அவன் கால்களுக்கு நடுவே போனது. கூட்டம் சிரித்தது. முட்டி மடங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தான். உடைமாற்றும் அறையில் குனிய முடியாமல் உட்கார்ந்திருந்தவனின் கால் வார்களை நான் அவிழ்த்தேன்.

"போதும்டா லாயிட்" என்றான். குரலில் வருத்தம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெளியே ஸ்டெஃபா காரைச் சூடாக்கி வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டவன், "பசிக்குதும்மா. என்ன வெச்சிருக்க?" என்று கேட்டான். முட்டைக்கோஸ் சுருள் என்றாள். என்னையும் வரச் சொன்னார்கள். போனேன்.